வீட்டுக்குள் ரேடான்: அஞ்ச வேண்டாம், அளந்து பார்ப்போம்

நம் காஞ்சிரங்குளத்திலிருந்து கடலோரமாகத் தெற்கே போனால் மணவாளக்குறிச்சி. வடக்கே போனால் சவறா, கருநாகப்பள்ளி. இக்கரையின் கருமணலில் மோனசைட் இருப்பதை 1909-இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் கண்டறிந்தார். மோனசைட்டில் தோரியம் மிகுதி. யுரேனியமும் சிறிதளவு உண்டு.

இவ்விரண்டும் சிதையும் வழியில் பிறப்பதே ரேடான் வாயு. அதற்கு நிறமில்லை, மணமில்லை. யுரேனிய வழியில் வருவது ரேடான்-222. அது பாதியாகக் குறைய 3.8 நாள் ஆகும். தோரிய வழியில் வருவதைத் தோரான் என்பர். அது 56 விநாடியிலேயே பாதியாகிவிடும். ஆகவே ஆழத்தில் பிறக்கும் தோரான் வீடு வந்து சேர்வதற்குள் அழிந்துவிடுகிறது. தரை, சுவர் இவற்றின் மேற்பரப்பில் பிறப்பதுதான் அறைக்குள் வரும். ரேடானோ நிலத்தடியிலிருந்தே தரை வெடிப்புகள் வழியாக ஏறி வரும்.

தீங்கு எப்படி? மூச்சில் போகும் வாயுவின் பெரும்பகுதி வெளியேறிவிடும். அது சிதைந்து உண்டாகும் திடத்துகள்கள் நுரையீரலில் ஒட்டி, ஆல்பா கதிர்களால் திசுக்களைத் தாக்கும். புகைபிடிப்போருக்கு ஆபத்து சுமார் 25 மடங்கு என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

கருநாகப்பள்ளியில் ஏறக்குறைய 70,000 பேரைத் தொடர்ந்து கவனித்து 2009-இல் வெளியான ஆய்வில், மணலிலிருந்து வரும் காமா கதிரால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. ஆகவே கடற்கரையைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் அது வெளியிலிருந்து படும் கதிரைப் பற்றிய ஆய்வு. அடைத்த அறையில் சேரும் வாயுவின் கதை வேறு.

அளப்பது எப்படி? எல்.ஆர்.115 என்ற படலத்தைச் சிறு டப்பாவில் வைத்து, சில மாதம் அறையில் தொங்கவிடுவார்கள். ஆல்பா துகள் பட்ட தடங்களை எண்ணினால் அளவு தெரியும். டப்பாவுக்கு ஊசித்துளை மட்டும் வைத்தால், உள்ளே நுழையுமுன் தோரான் அழிந்துவிடும். ரேடான் மட்டும் பதிவாகும். உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை கனமீட்டருக்கு 100 பெக்கரல். முடியாத இடத்திலும் 300-ஐத் தாண்டக்கூடாது.

தணிக்கும் வழிகள்:

1. எதிரெதிர் சன்னல்களைத் தினமும் திறந்து வையுங்கள். பழைய ஓட்டு வீட்டில் காற்று தானே ஓடியது, ஏ.சி. அறையில் ஓடாது.

2. தரை வெடிப்புகளையும் குழாய் இடைவெளிகளையும் அடையுங்கள். இது மட்டும் போதாது.

3. அளவு மிகுந்தால், தரைக்கடியில் குழாய் இறக்கி, மின்விசிறியால் வாயுவை உறிஞ்சிக் கூரைக்கு மேல் விடுவதே நல்ல வழி.

அமெரிக்கா, கனடாவில் பிள்ளைகள் இருந்தால் இதை அவசியம் எழுதுங்கள். குளிர்காலத்தில் அடைத்த வீடு, நிலத்தடி அறையில் பேரக்குழந்தைகளின் படுக்கை! அங்கே சோதனைப்பெட்டி கடையிலேயே கிடைக்கும். வீடு வாங்குமுன் அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.