அமெரிக்கச் செப்புக் காசு சேர்க்கிறீர்களா?

வகைக்கு ஒரு காசு வீதம் சேர்ப்பதே 'டைப் செட்'. அமெரிக்காவில் 1793 முதல் 1857 வரை அச்சான பெரிய சென்ட், அரை சென்ட் காசுகளைத் தேடுவோருக்குச் சில குறிப்புகள்:

• பின்னல் கூந்தல் சென்ட்டில் (1839–1857) தொடங்குங்கள். எளிதில் கிடைக்கும், விலையும் குறைவு. 1793-ன் சங்கிலி சென்ட் மிக அரிது, மிக விலை உயர்ந்தது. அதைக் கடைசிக்கு வையுங்கள்.

• ஒரு வகைக்குள் எந்த ஆண்டுக் காசும் போதும். அபூர்வ ஆண்டுக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம்.

• லென்ஸ் வைத்துப் பாருங்கள். சீரான சாக்லேட் பழுப்பு நல்ல அறிகுறி. தேய்ந்த காசு இளஞ்சிவப்பாகப் பளபளத்தால், யாரோ தேய்த்துக் கழுவியிருக்கிறார்கள். மண்ணில் கிடந்து அரித்த காசு சொரசொரப்பாக இருக்கும்.

• எடை போடுங்கள். 1796-க்குப் பிந்தைய பெரிய சென்ட் சுமார் 10.9 கிராம் இருக்கும். காந்தத்தில் ஒட்டினால் போலி.

• புளி, எலுமிச்சை, பாலிஷ் எதுவும் கூடாது. கழுவிய காசுக்கு மதிப்புப் போய்விடும்.

• பிவிசி உறையில் வைத்தால் பச்சைப் பிசுக்கு படியும். மைலார் உறையில், ஈரம் படாத இடத்தில் வையுங்கள். எடுக்கும்போது விளிம்பை மட்டும் பிடியுங்கள்.

அரித்த காசு பத்து வாங்கும் பணத்தில், முகம் தெளிவான காசு ஒன்று வாங்குங்கள்.