கோத்தகிரியில் குடியேறும் இருவருக்கு

சென்னையிலும் கோவையிலும் வேலை பார்த்துவிட்டு, இனி மலையில் இருப்போம் என்று கிளம்பி வரும் தம்பதிகளைக் கோத்தகிரியில் இப்போது அடிக்கடி பார்க்க முடிகிறது. ஓய்வு பெற்றவர்களும் இருக்கிறார்கள், வீட்டிலிருந்தே கணினி வேலை செய்யும் இளம் ஜோடிகளும் இருக்கிறார்கள். வந்த புதிதில் பெரும்பாலோர் காரை எடுத்துக்கொண்டு தொட்டபெட்டா, பைக்காரா, டால்பின் மூக்கு என்று சுற்றுகிறார்கள். பார்க்கும் இடமெல்லாம் தீர்ந்ததும் வீட்டுக்குள் அடங்கிவிடுகிறார்கள். மலைக்கு வந்தும் மலையில் வாழாமல் போவது இப்படித்தான். அதனால் நான் சொல்வது ஒன்றுதான்: உங்கள் வாசலிலிருந்து நடந்தே போய்த் திரும்பக்கூடிய மூன்று நான்கு பாதைகளை முதலில் பழகிக்கொள்ளுங்கள். காட்சிமுனைகள் எங்கும் போய்விடாது.

கோத்தகிரி ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றழுத்தம் கடலோரத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். சமவெளியில் தினமும் 5 கிலோமீட்டர் நடந்தவருக்குக்கூட முதல் ஏற்றத்தில் மூச்சு வாங்கும். பயப்பட வேண்டாம், இரண்டொரு வாரத்தில் உடம்பு பழகிவிடும். அதுவரை காலையில் அரை மணி நேர நடை போதும். இதய நோயோ ஆஸ்துமாவோ உள்ளவர்கள் மட்டும் வருவதற்கு முன்பே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். தண்ணீர் இங்கே 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். பருப்பு வேகவில்லையே என்று கடைக்காரரைக் குறை சொல்லாமல் குக்கரில் இரண்டு விசில் கூடுதலாக விடுங்கள். குளிராக இருக்கிறதே என்று வெயிலை அலட்சியம் செய்யாதீர்கள். உயரம் கூடக் கூட வெயிலின் புற ஊதாக் கதிரும் கூடும், தொப்பி இல்லாமல் நடந்தால் மூக்கும் கன்னமும் கறுத்துத் தோல் உரியும்.

எந்த மாதம் எப்படி இருக்கும் என்பது நடையையே மாற்றிவிடும். ஊட்டியைப் பற்றிக் கேள்விப்பட்டதை வைத்துக் கோத்தகிரியைக் கணக்குப் போடக் கூடாது. ஊட்டிக்கு மேற்கேயும் கூடலூர்ப் பக்கமும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழை கொட்டும்போது, மலையின் கிழக்குச் சரிவில் இருக்கும் கோத்தகிரியில் காற்றும் சாரலுமாகவே பெரும்பாலான நாட்கள் போகும். குடையை விடக் காற்றைத் தடுக்கும் மழைச்சட்டையே அப்போது உதவும். இந்த ஊருக்கு உண்மையான மழை அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில்தான். 2009 நவம்பரில் நீலகிரியில் ஏற்பட்ட நிலச்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த மாதங்களில் மழை விடாமல் பெய்தால் நடையை நிறுத்திவிடுங்கள். சரிவை ஒட்டிய சாலையில் வண்டியையும் எடுக்காதீர்கள். மாவட்ட அவசர எண்ணான 1077 இருவர் கைபேசியிலும் இருக்கட்டும். ஜனவரி, பிப்ரவரிதான் நடப்பதற்குப் பொற்காலம். விடியற்காலையில் பள்ளமான இடங்களில் உறைபனி படர்ந்திருக்கும், ஒன்பது மணிக்கெல்லாம் வானம் கண்ணாடியாகத் தெளிந்துவிடும்.

இனி பாதைகள். தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே கொழுந்து பறிப்பவர்கள் போகும் ஒற்றையடிப் பாதைகள் ஊரைச் சுற்றி எங்கும் உண்டு. பல தோட்டங்கள் சிறு விவசாயிகளுக்குச் சொந்தமானவை. வேலை செய்துகொண்டிருப்பவரிடம், "அக்கா, இந்த வழியாப் போகலாமா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள். வழி சொல்வதோடு, நேற்று எந்தப் பக்கம் காட்டுமாடு நின்றது என்பதையும் சொல்லிவிடுவார்கள். அந்தத் தகவலை எந்தக் கைபேசிச் செயலியும் தராது. இங்கே பெரும்பாலான கிராமங்கள் படுகர்களின் ஹட்டிகள். ஹட்டிக்குள் நுழைந்தால் கோயில் முன்பும் சடங்கு நடக்கும் இடத்திலும் செருப்போடு நடக்காதீர்கள், கேட்காமல் படம் எடுக்காதீர்கள். குளிர்காலத்தில் பேரகணியில் நடக்கும் ஹெத்தை அம்மன் திருவிழாவுக்கு வெள்ளை உடையில் ஆயிரக்கணக்கானோர் நடந்து வருவார்கள். அக்கம்பக்கத்தார் அழைத்தால் அவசியம் போங்கள். மலையில் நடை எப்படி வழிபாடாகவும் இருக்கிறது என்பது அங்கே தெரியும்.

ஊரிலிருந்து நடந்தே போகக்கூடிய கன்னேரிமுக்கில், கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவனின் பழைய பங்களா இருக்கிறது. அவர் இந்த மலைக்கு வந்தது 1819-இல். இப்போது அது நீலகிரியின் வரலாற்றைச் சொல்லும் காட்சியகம். ஊட்டிக்கு முன்னால் வெள்ளைக்காரர்கள் தங்கியது கோத்தகிரிப் பக்கம்தான் என்பதை அங்கே பார்த்த பிறகு, இந்த ஊரை ஊட்டியின் தங்கையாக நினைக்கத் தோன்றாது.

என் மனதுக்கு மிக நெருக்கமானது லாங்வுட் சோலை. ஊரை ஒட்டி 116 ஹெக்டேரில் மிஞ்சியிருக்கும் இந்தச் சோலைக்காடு 2024 ஜனவரியில், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. சுற்றிலும் தேயிலையும் கற்பூர மரமும் சீகையும் சூழ்ந்திருக்க, இது மட்டும் மலையின் பழைய உருவத்தோடு நிற்கிறது. மரங்கள் குட்டையாக, கிளைகள் முறுக்கிக்கொண்டு, பாசியும் பெரணியும் போர்த்தியிருக்கும். நீலகிரியில் மட்டுமே காணக்கூடிய சிரிப்பான் பறவையின் கூச்சல் இங்கே கேட்கும். பெய்யும் மழையை இந்தக் காட்டின் மண் உறிஞ்சி வைத்துக்கொண்டு, மழையில்லாத மாதங்களிலும் ஓடையாக விடுகிறது. கீழே இருக்கும் பல கிராமங்கள் குடிப்பது அந்தத் தண்ணீரைத்தான். வனத்துறை அனுமதியோடு மட்டுமே உள்ளே போக முடியும், அது சரியான ஏற்பாடுதான். போகும்போது மெதுவாகப் பேசுங்கள், பாதையை விட்டு விலகாதீர்கள், விதையோ பூவோ பறிக்காதீர்கள். ஈரமான மாதங்களில் அட்டை ஏறும். காலுறைக்குள் பேன்ட்டைச் செருகிக்கொண்டு, உப்பைத் துணியில் முடிந்து கையில் வைத்துக்கொண்டால் போதும்.

கொஞ்சம் நீண்ட நடை வேண்டும் என்றால், தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் மாநிலம் முழுவதும் 40 பாதைகள் அறிவிக்கப்பட்டிருக்கின்றன. இணையத்தில் பதிவு செய்ய வேண்டும், பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி கூட வருவார். கோத்தகிரிக்குக் கீழே கரிக்கையூரிலிருந்து பொறிவரை போகும் பாதையில் பழங்காலப் பாறை ஓவியங்களைப் பார்க்கலாம். இருளர்கள் வாழும் பகுதி அது. பதிவு செய்யாமல், தெரிந்தவர் காட்டினார் என்று காட்டுக்குள் இறங்குவதை நான் எவருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் 23 பேர் இறந்த பிறகுதான் மலையேற்றத்துக்கு மாநிலத்தில் விதிகள் இறுகின. கோடையில் தீ அபாயம் இருக்கும் மாதங்களில் பாதைகளை மூடிவிடுவார்கள். அப்போது சலித்துக்கொள்ளாதீர்கள்.

கேத்தரின் அருவிக்கு அரவேணு வழியாகப் போகலாம். அருவியின் தலைப்பில் பாறை வழுக்கும், விளிம்புக்குப் போகாமல் திரும்பிவிடுங்கள். கோடநாடு காட்சிமுனைக்கு ஊரிலிருந்து பேருந்து இருக்கிறது. மாயாற்றுப் பள்ளத்தாக்கும் தெங்குமரஹடாவும் தெரிய வேண்டுமானால் காலையிலேயே போங்கள், மதியத்துக்கு மேல் மூட்டம் ஏறிவிடும்.

விலங்குகளைப் பற்றிச் சொல்லாமல் இங்கே எந்த வழிகாட்டியும் முழுமையாகாது. கோத்தகிரியில் கரடி ஊருக்குள் வருவது சாதாரணம். காட்டுமாடு தேயிலைக்குள் மேய்வது தினசரிக் காட்சி. சாதுவாகத்தான் தெரியும், ஆனால் நெருங்கினால் முட்டும். பார்த்த இடத்திலேயே நின்று, சத்தமில்லாமல் பின்வாங்கி, அது போகும் வரை காத்திருங்கள். மாலை ஆறு மணிக்கு மேல் தோட்டப் பாதையில் நடக்க வேண்டாம். அவசியம் போக வேண்டியிருந்தால் டார்ச் அடித்து, இருவரும் உரக்கப் பேசிக்கொண்டே போங்கள். கரடியைத் திடீரென்று எதிர்கொள்வதுதான் ஆபத்து, மனிதர் வருவது முன்பே தெரிந்தால் அது பெரும்பாலும் ஒதுங்கிவிடும். சமையல் கழிவை வீட்டுக்கு வெளியே கொட்டுவது கரடியைக் கூப்பிடுவதற்குச் சமம். நாயை இரவில் வெளியே கட்டிப் போட்டால் சிறுத்தைக்கு இரையாகும். மேட்டுப்பாளையம் சாலையில் குஞ்சப்பனைப் பக்கம் பலாப்பழம் பழுக்கும் காலத்தில் யானை நிற்கும், அங்கே ஹாரன் அடிக்காமல் தள்ளி நில்லுங்கள். இன்னொன்று: புதருக்குள் நடந்து ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சல் வந்து, உடம்பில் எங்காவது கருகினாற்போல ஒரு புண் இருந்தால் அது உண்ணிக்காய்ச்சலாக இருக்கலாம். மருத்துவரிடம் புதரில் நடந்ததைத் தவறாமல் சொல்லுங்கள். நேரத்தில் கண்டுபிடித்தால் மாத்திரையிலேயே குணமாகும்.

மலைப்பாதையில் வண்டி ஓட்டுவதற்கு இரண்டு விதிகள் போதும். ஏறி வரும் வண்டிக்கு வழி விடுங்கள். இறங்கும்போது ஏறிய கியரிலேயே இறங்குங்கள், நியூட்ரலில் விடவே விடாதீர்கள். வெளியூர்ப் பதிவு எண் உள்ள வண்டிக்கு நீலகிரிக்குள் நுழைய இ-பாஸ் வேண்டும். குடியேறிய பிறகு உள்ளூர் முகவரிக்கான பாஸ் வாங்கிவிட்டால் ஒவ்வொரு முறையும் பதிய வேண்டியதில்லை. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு இங்கே தடை. எவர்சில்வர் பாட்டில் எடுத்துப் போனால் சாலையோரத் தண்ணீர் ஏ.டி.எம்.களில் நிரப்பிக்கொள்ளலாம்.

தம்பதிகளுக்கு என்று தனியாக ஒரு வார்த்தை. இருவருக்கும் ஒரே வேகம் இருக்காது. ஒருவருக்கு உச்சி வரை ஏற வேண்டும், மற்றவருக்குப் பாதியில் உட்கார்ந்து பறவை பார்க்க வேண்டும். இதில் சண்டை போட்டு நடையையே விட்டவர்களை எனக்குத் தெரியும். ஏற்றத்தில் மெதுவாக நடப்பவரை முன்னால் விடுங்கள், வேகமாக நடப்பவர் பின்னால் வரட்டும். இந்த ஒரு மாற்றத்தில் பாதிக் கோபம் போய்விடும். வாரத்தில் ஒரு நாள் அவரவர் விருப்பப்படி தனியாகச் செலவழியுங்கள். ஒருவர் சோலைப் பக்கம் போகும்போது இன்னொருவர் வீட்டுப் பின்புறத்தில் கேரட்டும் பீன்ஸும் போடலாம். தோட்ட வேலையும் வெளிவாழ்க்கைதான். தனியாகக் கிளம்புகிறவர், போகும் பாதையையும் திரும்பும் நேரத்தையும் சொல்லிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். பள்ளத்தாக்குகளில் சிக்னல் கிடைக்காது.

வீடு பிடிக்கும்போது காலை வெயில் விழுகிறதா, பின்னால் இருக்கும் மண் சரிவுக்குத் தடுப்புச் சுவரும் நீர் வடியத் துளைகளும் இருக்கின்றனவா, கோடையில் தண்ணீர் எங்கிருந்து வரும் என்ற மூன்றையும் பாருங்கள். காட்சி அழகாக இருக்கிறது என்பதற்காக வெயில் விழாத வீட்டை எடுத்தால் துணி காயாது, சுவரில் பூஞ்சை ஏறும், வெளியே போகும் உற்சாகமும் போகும். முதலில் வாடகைக்கே இருங்கள். ஒரு மார்ச் மாத வறட்சியையும் ஒரு நவம்பர் மழையையும் இந்த ஊரில் கழிக்கும் முன் மனையோ வீடோ வாங்க முன்பணம் கொடுக்காதீர்கள்.