வீட்டு விற்பனை சிறுதொழிலாக வளர்வது எவ்வாறு?

அப்பளம், ஊறுகாய், மசாலாப் பொடி முதலியவற்றை ஓய்வு நேரத்தில் செய்து, அண்டை அயலாருக்கு விற்கும் வழக்கம் நம் நாடெங்கும் உண்டு. இவற்றுள் பல, தொடங்கிய அளவிலேயே நின்றுவிடுகின்றன. முதலீடு இன்மையே இதற்குக் காரணம் எனப் பொதுவாகக் கருதப்படுகிறது. ஆயின், கணக்கும் ஒழுங்கமைப்பும் இன்மை அதனினும் பெருந்தடையாகும். லிஜ்ஜத் அப்பளத்தின் வரலாறு இதற்குச் சான்று.

எண்பது ரூபாய்க் கடன்

1959 மார்ச் 15 அன்று, பம்பாயின் கிர்காம் பகுதியில் ஏழு பெண்கள், ஒரு குடியிருப்பின் மொட்டை மாடியில், 80 ரூபாய்க் கடனைக் கொண்டு அப்பளம் இடத் தொடங்கினர். முதல் நாள் உற்பத்தி நான்கு பொட்டலங்கள். மழைக் காலத்தில் உலர்த்த இயலாமல் நான்கு மாதங்கள் வேலை நின்றது. மறு ஆண்டு ஒரு கட்டிலும் அடுப்பும் வாங்கினர். கட்டிலின் மேல் அப்பளத்தைப் பரப்பி, அடியில் அடுப்பை மூட்டி உலர்த்தினர். தடை நீங்கியது.

தொடக்கத்தில் உயர்ந்த தரம், மலிவான தரம் என இருவகை அப்பளங்கள் செய்யப்பட்டன. அவர்களுக்கு வழிகாட்டிய சகன்லால் கரம்சி பாரேக், ஒரே தரத்தைப் பேணுமாறும், முறையாகக் கணக்கு வைக்குமாறும் அறிவுறுத்தினார். 1966-இல் இம்முயற்சி சங்கமாகப் பதிவு பெற்றது. அவ்வாண்டே கதர், கிராமத் தொழில் ஆணையத்தின் அங்கீகாரமும் கிட்டியது. எழுவருள் ஒருவரான ஜஸ்வந்திபென் ஜம்னாதாஸ் போபட்டுக்கு 2021-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

வேலைப் பகிர்வு

இவ்வமைப்பில் மாவு கிளை நிலையத்தில் பிசையப்படுகிறது. உறுப்பினர்கள் அதனை வீட்டிற்கு எடுத்துச் சென்று, அப்பளமாக இட்டு, உலர்த்தி, நிலையத்தில் ஒப்படைக்கின்றனர். அங்கு தரம் சோதிக்கப்பட்டு, எடைக்கேற்பக் கூலி வழங்கப்படுகிறது. சுவையை நிர்ணயிக்கும் பணி ஓரிடத்திலும், கைத்திறன் வேண்டும் பணி இல்லங்களிலும் நடைபெறுவதால், உற்பத்தி பெருகினும் தரம் மாறுவதில்லை.

கூலியும் செலவே

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். ஒரு பெண் ஒரு கிலோ ஊறுகாயை 300 ரூபாய்க்கு விற்கிறார். மூலப்பொருள் செலவு 180 ரூபாய். எஞ்சிய 120 ரூபாயும் இலாபம் என எண்ணுகிறார். ஆனால் எரிபொருள், புட்டி, போக்குவரத்து ஆகியவற்றுக்கு 50 ரூபாயும், தம் உழைப்புக்குக் கூலியாக 60 ரூபாயும் கழித்தால் மிஞ்சுவது 10 ரூபாயே. நாளை உதவிக்கு ஓர் ஆளை அமர்த்தும்போதுதான் இவ்வுண்மை புலனாகும். தம் உழைப்பை விலையற்றதாகக் கருதும் வரை, விற்பனை பெருகலாம், தொழில் வளராது.

செய்ய வேண்டுவன

முதலாவது, குடும்பச் செலவுக்கும் தொழிலுக்கும் தனித்தனி வங்கிக் கணக்கு வேண்டும். இரண்டாவது, அன்றாட வரவு, செலவு, கையிருப்பு, கடன் பாக்கி ஆகியவற்றை அன்றன்றே குறித்தல் வேண்டும். மூன்றாவது, பொருள்களின் அளவையும் செய்முறையையும் எழுதி வைத்துப் பின்பற்ற வேண்டும். நான்காவது, உரிய பதிவுகளைப் பெற வேண்டும். 2020 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த உத்யம் பதிவு கட்டணமற்றது. உணவுப் பொருள் செய்வோர் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழும் பதிவோ உரிமமோ பெறுதல் அவசியம்.

கடனுக்குப் பரிந்துரை செய்யும் அலுவலர்கள், விண்ணப்பதாரரின் சில மாதக் கணக்கேட்டை முதலில் பார்ப்பது நன்று. ஏடு இல்லையெனில், அதனை எழுதக் கற்பிப்பதே அவருக்குச் செய்யும் முதல் உதவியாகும். கணக்கின்றிப் பெற்ற கடன் குடும்பத்தின் சுமையாகவே முடியும்.