கல்ஃப் பணமும் கொசஸ்தலைச் சாம்பலும்

கேள்வி: தம்பி குவைத்தில் வெல்டர். அவன் அனுப்பும் பணத்தில்தான் மாடி எழுப்பினோம், ஏசி வாங்கினோம், போர் போட்டோம். வெளிநாட்டுப் பணம் வரும் நாடுகளில் சுற்றுச்சூழல் கெடுகிறது என்று ஒரு கட்டுரையில் படித்தேன். உண்மையா? எங்கள் போர் தண்ணீர் உப்பாகிவிட்டது. இன்னும் ஆழமாக இன்னொன்று போடலாமா?
– வாசகி, எர்ணாவூர்

பதில்: பாதி உண்மை. அந்தப் பணம் விறகடுப்பை எடுத்துவிட்டு காஸ் அடுப்பைக் கொண்டுவந்தால் காட்டுக்கும் நல்லது, சமைப்பவரின் நுரையீரலுக்கும் நல்லது. நேபாளத்தில் ஆண்கள் கத்தாருக்கும் மலேசியாவுக்கும் போய்விட, மலைச்சரிவு வயல்கள் பல தரிசாகி அங்கே மரங்கள் முளைத்தன. 1992இல் நாட்டின் நிலப்பரப்பில் 26 சதவீதமாக இருந்த காடு 2016இல் 45 சதவீதம். காட்டைக் கிராமக் குழுக்களிடம் ஒப்படைத்ததுதான் இதற்கு முதல் காரணம். வெளிநாட்டுப் பணம் கூடவே கை கொடுத்தது.

கேரளத்தில் கதை வேறு. கல்ஃப் பணம் அங்கே வீடாக எழுந்தது. வீட்டுக்கு மணல் வேண்டுமே! அள்ளி அள்ளிப் பாரதப்புழை ஆறு பள்ளமானது. 2001இல் ஆற்று மணலைக் காக்க ஒரு சட்டம், 2008இல் நெல்வயலைக் காக்க இன்னொன்று என்று போட வேண்டியதாயிற்று.

உங்கள் பக்கம் நடப்பதை இந்த மாதிரிக் கட்டுரைகள் சொல்வதில்லை. நாட்டுக்கு ஒரு சராசரி போட்டு முடித்துவிடுகிறார்கள். வெளிநாட்டிலிருந்து இந்தியாவுக்கு வரும் பணத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு தமிழ்நாட்டுக்கு என்கிறது ரிசர்வ் வங்கியின் 2023-24 கணக்கெடுப்பு. அதில் வாங்கிய ஏசி ராமநாதபுரத்தில் ஓடினாலும், அத்திப்பட்டு அனல்மின் நிலையத்திலும் அதற்காகக் கொஞ்சம் நிலக்கரி எரிகிறது. அதன் சாம்பல் குழாய்கள் ஒழுகி ஒழுகிக் கொசஸ்தலை ஆற்றின் கழிமுகமே மேடிட்டுவிட்டது. இடுப்பளவு நீரில் இறங்கிக் கையால் துழாவி இறால் பிடிப்பவர்களுக்கு அகப்படுவது பல இடங்களில் சாம்பல் சேறுதான்.

இன்னொரு கணக்கும் உண்டு. மணலி, எண்ணூர் ஆலைகளில் வேலை பார்க்கும் பீகார், ஒடிசா தொழிலாளிகள் சம்பளத்தை ஊருக்கு அனுப்புகிறார்கள். காசு அங்கே போகிறது. புகை அவர்களுக்கும் உங்களுக்கும் பொது. 2023 டிசம்பரில் எண்ணூர் பெரியகுப்பத்தில் நள்ளிரவில் அம்மோனியா கசிந்தபோது அது யாரிடமும் சொந்த ஊரைக் கேட்கவில்லை. ஆக, பணம் ஓரிடத்தில் சேர்கிறது, கழிவு வேறிடத்தில் சேர்கிறது. உங்கள் தம்பி மேல் பழி போட இதில் ஒன்றுமில்லை.

போர் விஷயம். மீஞ்சூர் பக்கம் சென்னைக்காகவும் ஆலைகளுக்காகவும் பல பத்தாண்டுகள் உறிஞ்சியதில் கடல்நீர் நிலத்தடியில் பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது. எர்ணாவூரோ கடலை ஒட்டியே இருக்கிறது. ஆழப் போனால் உப்பு கூடும் வாய்ப்புதான் அதிகம். இரண்டாவது போர் வேண்டாம். மாடித் தண்ணீரை வடிகட்டி சம்ப்பில் சேருங்கள், மிஞ்சுவதை மண்ணுக்குள் இறக்குங்கள். மீதிப் பணத்தில் மாடியில் 3 கிலோவாட் சோலார் போடுங்கள். மத்திய அரசு 2024இல் தொடங்கிய மாடி சோலார் திட்டத்தில் 78,000 ரூபாய் வரை மானியம் உண்டு. ஏசி பகலில் அதிலேயே ஓடும்.