குறைவாகச் சாய்ந்த தூக்குக்குண்டு

கூடுவாஞ்சேரி

தம்பி மகனுக்குப் பெரியப்பா எழுதுவது.

மாமல்லபுரத்திற்கு நண்பர்களோடு சென்று வந்த உற்சாகத்தில் நீ எழுதிய கடிதம் கிடைத்தது. கிருஷ்ணனின் வெண்ணெய் உருண்டை என்று ஜனங்கள் அழைக்கும் அந்தப் பாறை புவியீர்ப்பை ஜெயித்து நிற்கிறது என்றும், ஈர்ப்பு இன்னதென்று விஞ்ஞானிகளுக்கே விளங்காதபோது அவர்கள் வாக்கும் மற்றவர் கற்பனையும் சமமே என்றும் எழுதியிருக்கிறாய். முன்னது பிழை; பின்னதில் பாதி உண்மை இருப்பதால்தான் இவ்வளவு நீளமாகப் பதில் எழுத உட்கார்ந்தேன்.

சுமார் 250 டன் என்று மதிக்கப்படும் அந்தப் பாறையின் எடைமையத்திலிருந்து நேர்கீழே இறங்கும் கோடு, அது தொட்டு நிற்கும் சிறு பரப்புக்குள்ளேயே விழுகிறது. அதன் பாரம் சரிவை அழுத்துவதால் பிறக்கும் உராய்வு அதை வழுக்காமல் காக்கிறது. ஈர்ப்பை ஜெயித்து அல்ல, ஈர்ப்பினாலேயே அது அங்கே நிற்கிறது.

இனி அறியாமையைப் பற்றி. நீ மின்சார ரயிலில் தினமும் கடந்து போகும் பரங்கிமலைக்கு அருகில் 1802-ல் வில்லியம் லாம்டன் ஏழரை மைல் நீளமுள்ள ஆதாரக்கோடு ஒன்றை அளந்தார். அங்கிருந்து முக்கோணம் முக்கோணமாக வளர்ந்த அந்த மகா அளவை, லாம்டனுக்குப் பின் அதை நடத்திய எவரெஸ்ட் என்பவரின் காலத்தில் இமயத்தை நெருங்கியபோது, கல்யாண்பூருக்கும் கலியானாவுக்கும் இடைப்பட்ட சுமார் 600 கிலோமீட்டர் தூரத்தைத் தரையில் அளந்து கண்ட விடையும், தூக்குக்குண்டின் நேர்கோட்டை ஆதாரமாக வைத்து நட்சத்திரங்களை நோக்கிக் கணித்த விடையும் கோணக்கணக்கில் ஐந்து விகலைக்குச் சற்று அதிகமாக, தரைக்கணக்கில் ஏறக்குறைய 160 மீட்டர், வேறுபட்டன. இமயம் தூக்குக்குண்டைத் தன் பக்கம் இழுத்திருக்கும் என்று ஊகித்த கல்கத்தாப் பாதிரியார் பிராட், மலைத்தொடரின் பருமனை மதிப்பிட்டுக் கணக்குப் போட்டார். வந்த விடையோ பதினைந்து விகலைக்கு மேல், அதாவது கண்ட வித்தியாசத்தைப்போல் மூன்று மடங்கு. மலை தன் பருமனுக்குத் தக்கபடி இழுக்கவில்லை! தம் கணக்குக்கு ஒவ்வாத அந்த மிச்சத்தை மறைக்காமல் அவர் அப்படியே பிரசுரித்த நேர்மையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழ்கிறது. அது வெளியான அதே 1855-ல் ஏரி என்னும் வானசாஸ்திரி, மலைக்கு அடியில் இலேசான பாறை ஆழ இறங்கி, அங்கிருந்த கனமான பொருளை விலக்கியிருக்க வேண்டும் என்று சமாதானம் சொன்னார். ஒரு நூல் குறைவாகச் சாய்ந்ததிலிருந்து, எவரும் கண்ணால் காண முடியாத பூமியின் ஆழம் புலனாயிற்று.

நீ எழுதியதில் உள்ள பாதி உண்மை இது: ஈர்ப்பின் காரணத்தைத் தாம் கண்டறியவில்லை, வெறும் ஊகத்தைக் கற்பிக்கவும் போவதில்லை என்று நியூட்டனே 1713-ல் வெளிவந்த தம் நூலின் இரண்டாம் பதிப்பில் ஒப்புக்கொண்டார். ஐன்ஸ்டீன் 1915-ல் அதைக் கால-வெளியின் வளைவாகக் காட்டினார். அந்தச் சித்தாந்தம் அணுவுலகின் சாஸ்திரத்தோடு இன்றுவரை இணங்கவில்லை. நட்சத்திர மண்டலங்கள், கண்ணுக்குத் தெரியும் பொருளின் ஈர்ப்பு அனுமதிப்பதைவிட வேகமாகச் சுழல்வதால், கரும்பொருள் என்று ஒன்றை அனுமானிக்கிறார்கள். அதை நேரில் பிடித்தவர் இல்லை. இலங்கைக்குத் தெற்கே இந்துமகா சமுத்திரத்தின் மட்டம் கணிதம் காட்டும் அளவைவிடச் சுமார் நூறு மீட்டர் தாழ்ந்திருப்பதற்கு, பூமிக்குள் மேலெழும் சூடான, இலேசான பாறைப்பொருளே காரணம் என்று பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்து ஆராய்ச்சியாளர்கள் 2023-ல்தான் விளக்கம் தந்தார்கள்.

பிராட்டின் அறியாமை பத்து விகலைக்குச் சற்று மேல். அதை எண்ணிட்டுச் சொல்ல அவரால் முடிந்தது. கற்பனை செய்பவனுக்குத் தன் அறியாமையை அளக்கத் தெரியாது. அதனால்தான் இருவர் வாக்கும் சமமாகா. சாஸ்திரத்திற்கு எல்லாம் தெரியும் என்பவனிடமும், ஒன்றுமே தெரியாது என்பவனிடமும் எத்தனை விகலை என்று கேள்.

பிராட்டின் கட்டுரை ஏறக்குறைய ஐம்பது பக்கம். ஏரியின் பதில் நான்கே பக்கம். இரண்டும் லண்டன் ராயல் சொஸைட்டியின் 1855-ஆம் வருஷத்து வெளியீட்டில் உள்ளன. நூலகத்தில் கேட்டு வாங்கி, நீண்டதை முதலில் படித்து, கணக்கை நீயே ஒருமுறை போட்டுப் பார்த்து, சந்தேகம் வந்த இடங்களைக் குறித்துக்கொண்டு பொங்கல் விடுமுறையில் புறப்பட்டு வா.

இப்படிக்கு,
உன் பெரியப்பா