விருத்தாசலம் ஓட்டில் ஒரு வெயில் வினையூக்கி

விருத்தாசலம் செராமிக் என்றால் அகல் விளக்கு, பொம்மை, ஃபியூஸ் கேரியர்தான் நமக்கு ஞாபகம் வரும். அதே ஓட்டை வைத்து சாயத்தண்ணியைச் சுத்தம் பண்ண முடியுமா? முடியும். ஆனா சூளையில் ஒரு சிக்கல் இருக்கு.

முதல்ல வேதியியல். டைட்டானியம் டை ஆக்சைடின் அனடேஸ் வடிவத்துக்கு பேண்ட் கேப் 3.2 எலக்ட்ரான் வோல்ட். அதாவது சுமார் 387 நானோமீட்டருக்குக் குறைவான அலைநீளம் உள்ள ஒளி பட்டால் எலக்ட்ரான் மேலே தாவும், கீழே ஒரு துளை மிஞ்சும். துளை தண்ணியோடு சேர்ந்து ஹைட்ராக்சில் ரேடிகலை உண்டாக்கும். எலக்ட்ரானை, கரைந்திருக்கும் ஆக்சிஜன் பிடிச்சுக்கும். சாய மூலக்கூறை உடைப்பதில் பெரிய பங்கு அந்த ரேடிகலுக்குத்தான். வெயிலில் இதுக்குப் பயன்படும் புற ஊதா சுமார் 5 சதவீதம்தான். நம்ம ஊர் வெயிலுக்கு அதுவே போதும்னு வெச்சுக்குவோம்.

பொடியாக் கலக்கினால் வேகமா வேலை செய்யும். அப்புறம் அந்த நானோ பொடியைத் தண்ணியிலிருந்து யார் வடிகட்டுவது? அதனாலதான் ஓட்டில் ஒட்ட வைக்கிறோம்.

இங்கேதான் நிறைய பேர் தப்பு பண்ணுவாங்க. கிளேஸோடு பொடியைக் கலந்து சூளையில் வெச்சா வேலை முடிஞ்சதுன்னு நினைப்பாங்க. போர்சலின் சுட 1200 டிகிரி செல்சியஸுக்கு மேல் வேணும். அனடேஸோ 600 டிகிரியைத் தாண்டினாலே மெல்ல ரூட்டைலாக மாற ஆரம்பிக்கும். ரூட்டைலுக்கு இந்த வேலையில் பொதுவா வேகம் கம்மி. அதோடு துகள்கள் ஒட்டிப் பெருத்து மேற்பரப்பும் போயிடும். ஆக, ஓட்டை முதலில் முழுசா சுட்டு எடுத்து, பிறகு பூச்சு பூசி, 450 - 500 டிகிரியில் இன்னொரு தடவை சுடணும்.

அடுத்து சோதனை. மெத்திலீன் ப்ளூ கரைசலில் ஓட்டைப் போட்டு வெயிலில் வெச்சா நீலம் போயிடும். உடனே கை தட்டாதீங்க! கிளேஸ் போடாத ஓடு பஞ்சு மாதிரி, சாயத்தைக் குடிச்சிடும். வெயிலும் தனியாவே கொஞ்சம் வெளுக்கும். அதனால பூச்சு ஓடு வெயிலில், பூச்சு ஓடு இருட்டில், பூச்சில்லாத ஓடு வெயிலில் என்று மூணு பாத்திரம் கட்டாயம். மூணுக்கும் உள்ள வித்தியாசம்தான் வினையூக்கியின் நிஜ மதிப்பெண். நிறம் போனாலும் உடைந்த துண்டுகள் தண்ணியிலேயே இருக்கலாம், சி.ஓ.டி. அளந்து பார்த்தால்தான் தெரியும்.

புராஜெக்ட் ரிப்போர்ட்டில் "திருப்பூர் பிரச்சினைக்குத் தீர்வு"ன்னு எழுதும் முன் ஒரு நிமிஷம். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கே சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதுக்கு நிறம் மட்டும் காரணமில்லை. சாயமேற்றப் போடும் உப்பும் நொய்யலில் கலந்தது. உப்பை எந்த ரேடிகலாலும் உடைக்க முடியாது, அதுக்கு ஆர்.ஓ.வும் ஆவியாக்கியும்தான் வேணும். நம்ம ஓட்டுக்குப் பொருத்தமான இடம், உயிரியல் சுத்திகரிப்பு முடிஞ்ச பிறகும் மிஞ்சுற லேசான நிறம்தான். அதுவும் சாய்வா அடுக்கிய ஓடுகள் மேல் மெல்லிசா ஓட விட்டால்தான் எடுபடும்.