சுழல் பம்பும் கூடுதல் சக்தியும்

பயிரிடும் அங்கத்தினருக்கு டிராக்டரும், நெசவாளருக்கு மின்சாரம் தடைப்படுங்கால் தறிகளை ஓட்டும் ஜெனரேட்டரும் இன்றியமையாதன. இரண்டையும் இயக்குவது டீசல் எஞ்சினே. எஞ்சின் சற்றே சோர்ந்தால், “பம்பைத் திறந்து எண்ணெயைக் கூட்டுங்கள், சக்தி தானே கூடும்” என்று ஆலோசனை கூறுவோர் எவ்வூரிலும் உளர். இக்கூற்றில் பாதி உண்மை உண்டு. மற்றப் பாதியை அறியாமல் எஞ்சினைப் பாழாக்கியவர்களும் உளர். கடன்பெற்று வாங்கிய எஞ்சின் பருவ காலத்தில் நின்றுபோனால், எஞ்சின் நின்றது என்பதற்காகத் தவணை நிற்பதில்லை. ஆகவே மெக்கானிக்கிடம் வேலையை ஒப்படைக்குமுன், அந்தப் பம்பு செய்வது என்ன என்பதை நாம் தெரிந்துகொள்ளுதல் நலம்.

பம்பு வந்த வரலாறு

பழைய அமைப்பில், சிலிண்டர் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி பிளஞ்சர் வரிசையாக நிற்கும். செய்வதற்குச் செலவு மிகுந்த இவ்வமைப்புக்கு மாற்றாக, ஒரே சுழலியைக் கொண்டு எல்லாச் சிலிண்டர்களுக்கும் எண்ணெயைப் பங்கிடும் பம்பை அமெரிக்கரான வெர்னன் ரூசா வகுத்தார். அது 1952ஆம் ஆண்டில் உற்பத்திக்கு வந்தது. இங்கிலாந்தின் சி.ஏ.வி. நிறுவனம் 1956 முதல் டி.பி.ஏ. என்ற பெயரில் இவ்வகைப் பம்பைச் செய்தது. டிராக்டர்களில் பெருவழக்காகப் பரவியது இதுவே.

இது நம் பகுதிக்கு அயலான பொருளன்று. பாடியில் 1961இல் தோன்றிய லூகாஸ் டி.வி.எஸ். வாகன மின்கருவிகளுக்குப் பெயர் பெற்றது. பூவிருந்தவல்லிக்கு மேற்கே, மண்ணூரிலுள்ள டெல்ஃபி டி.வி.எஸ். தொழிற்சாலை சுழல் பம்புகளைச் செய்து புகழ்பெற்றது.

பம்பு வேலை செய்யும் விதம்

பம்பினுள் சுழலியின் கடைக்கோடியில் ஒரு சிறு மாற்றுப் பம்பு உண்டு. அது எண்ணெயை ஓரளவு அழுத்தத்தோடு உள்ளே தள்ளும். அவ்வெண்ணெய் அளவு வால்வு ஒன்றைக் கடந்து செல்லும். அந்த வால்வைத் திறப்பதும் மூடுவதும் ஆக்ஸிலேட்டர் நெம்புகோலும் கவர்னரும் ஆகும். வால்வைக் கடந்த எண்ணெய், எதிரெதிராக அமைந்த இரு பிளஞ்சர்களின் இடையே நிரம்பி அவற்றை வெளிப்புறம் தள்ளும். சுழலி திரும்பும்போது, சுற்றியுள்ள காம் வளையத்தின் மேடுகள் பிளஞ்சர்களை உட்புறம் அழுத்தும். எண்ணெய் மிகுந்த அழுத்தத்துடன் உரிய குழாய் வழியே நாசிலை அடைந்து, சிலிண்டருள் தூவப்படும்.

பிளஞ்சர்கள் எவ்வளவு தூரம் விலகலாம் என்பதை ஒரு தகடு வரையறுக்கின்றது. இதுவே உச்ச எண்ணெய் அளவு. எண்ணெயைக் கூட்டுவது என்பது இத்தகட்டைச் சிறிது திருப்பி வைப்பதே. இப்பம்பின் உறுப்புகளுக்கு மசகு டீசலே. ஆகவே நீரோ தூசியோ மண்ணெண்ணெயோ கலந்த டீசல் பம்பை அரித்துவிடும்.

ஒரு சொட்டின் கணக்கு

ஒரு லிட்டர் டீசல் முழுதும் எரிய ஏறத்தாழ 10,000 லிட்டர் காற்று வேண்டும். இதை மனத்திற்கொண்டு ஒரு கணக்குப் போடுவோம்.

மூன்று சிலிண்டர்களும் சேர்ந்து 2.4 லிட்டர் கொள்ளளவுடைய எஞ்சின் ஒன்று நிமிடத்திற்கு 2,000 சுற்றுச் சுழல்வதாகக் கொள்க. இரு சுற்றுக்கு ஒருமுறையே சிலிண்டர் காற்றை இழுக்கும். எனவே நிமிடத்திற்கு 2,400 லிட்டர். வழித்தடையாலும் வெப்பத்தாலும் குறைவதைக் கழித்தால் 2,000 லிட்டர் எனலாம். மணிக்கு 1,20,000 லிட்டர். இது 12 லிட்டர் டீசலுக்குப் போதும் என்று தோன்றும். ஆனால், எண்ணெய் தூவப்படும் நேரம் ஏறத்தாழ ஒரு நொடியின் ஐந்நூறில் ஒரு பங்கே. அதற்குள் ஒவ்வொரு துளியும் தனக்குரிய காற்றோடு கலப்பது அரிது. ஆதலால் காற்று மூன்றில் ஒரு பங்கு மிகுதியாக இருத்தல் வேண்டும். அவ்வாறாயின் எஞ்சினின் எல்லை மணிக்கு 9 லிட்டர்.

மணிக்கு 1,80,000 தூவல்கள் நிகழ்கின்றன. 9 லிட்டரைப் பங்கிட்டால் ஒரு தூவலுக்கு 50 கன மில்லிமீட்டர். அதாவது, ஒரு சொட்டு. பம்பின் நுட்பமெல்லாம் இந்த ஒரு சொட்டைத் தவறாமல் அளந்து கொடுப்பதில் அடங்கியுள்ளது.

காற்று வடிகட்டி அடைபட்டுப் பத்தில் ஒரு பங்கு காற்று குறைந்தால், எல்லை 9 லிட்டரிலிருந்து 8 லிட்டருக்குச் சற்று மேலாக இறங்கிவிடும். அந்நிலையில் பம்பைத் திருகி எண்ணெயைக் கூட்டினால் மிகுதி எரியாமல் கரும்புகையாகப் போகும். வெப்பம் ஏறி பிஸ்டனின் தலை உருகலாம். எரியாத டீசல் சிலிண்டர் சுவரிலுள்ள மசகைக் கழுவிக் கீழே இறங்கி, எஞ்சின் ஆயிலை நீர்க்கச் செய்யும், பேரிங்குகள் தேயும். புகைப்போக்கியில் காணும் கருமை அங்கத்தினரின் கைப்பணமே என்று அறிக.

காற்றையும் கூட்டினால்?

சக்தியை முறையாகக் கூட்ட வழி இல்லையோ எனின், உண்டு. ஆவடியில் அதற்குச் சான்று காணலாம். 1987இல் அமைந்த ஆவடி எஞ்சின் தொழிற்சாலையில் டாங்கிகளுக்கான எஞ்சின்கள் உருவாகின்றன. டி-72 டாங்கியின் எஞ்சின் 780 குதிரைச் சக்தி உடையது. டி-90 டாங்கியின் எஞ்சின் 1,000 குதிரைச் சக்தி உடையது. இரண்டிலும் சிலிண்டர்கள் 12. கொள்ளளவும் ஏறத்தாழ ஒன்றே. முன்னதில் பல்சக்கரத்தால் ஓடும் காற்றழுத்தி உண்டு. பின்னதில் புகையின் வேகத்தால் சுழலும் டர்போ காற்றை மேலும் செறிவாக்கித் தள்ளுகின்றது. இவற்றின் பம்பு வேறு வகை. ஆயினும் பாடம் ஒன்றே. காற்று முதலில் கூடியது; எண்ணெய் அதற்கேற்பக் கூடியது; இரண்டையும் தாங்குமாறு உறுப்புகளும் வகுக்கப்பட்டன. டர்போவுக்கென்று வகுக்கப்படாத டிராக்டர் எஞ்சினில் இவ்வளவும் செய்வதைவிட, தேவையான சக்தியுள்ள எஞ்சினையே வாங்குதல் சிக்கனமாகும்.

வேகத் திருகு வேறு

உச்ச வேகத்திற்கென ஒரு திருகு வெளியே முத்திரையிடப்பட்டிருக்கும். அதைத் திருகுவது எண்ணெயளவைக் கூட்டுவதன்று. வேக எல்லையை மீறுவதாகும். நெசவாளர் இதனைச் சிறப்பாகக் கவனிக்க. நிமிடத்திற்கு 1,500 சுற்றில் 50 சைக்கிள் மின்சாரம் தரும் ஜெனரேட்டரை 1,650 சுற்றுக்கு ஏற்றினால், 55 சைக்கிள் ஆகிவிடும். தறி மோட்டார்களும் பத்தில் ஒரு பங்கு விரைந்து ஓடும், நூல் அறும். உத்தரவாதக் காலத்தில் முத்திரை உடைந்திருந்தால் உத்தரவாதத்தையும் இழக்க நேரும்.

செய்யத்தக்கவை

சோர்ந்த எஞ்சினுக்குப் பம்பு கடைசி வைத்தியம். காற்று வடிகட்டியையும் டீசல் வடிகட்டியையும் முதலில் பார்க்க. பிறகு குழாய்களில் காற்றுப் புகுந்துள்ளதா என்பதையும், நாசில் தூவும் தன்மையையும், வால்வு இடைவெளியையும், பம்பு பொருத்திய டைமிங்கையும், சிலிண்டர் அழுத்தத்தையும் முறையே சோதிக்க. நாசில் தூவும் இடத்தில் கையை வைத்தல் ஆகாது. அவ்வழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உட்புகும். காயம் சிறிதாகத் தோன்றினும் உடனே மருத்துவமனைக்குச் செல்லல் வேண்டும்.

இவையெல்லாம் சரியாயிருந்தும் சோர்வு நீங்காவிடின், பம்பைக் கழற்றி டெஸ்ட் பெஞ்சில் ஏற்றுக. அங்கே 200 தூவல்களின் எண்ணெயைக் கண்ணாடிக் குழாய்களில் பிடித்து அளப்பர். நம் கணக்கிலுள்ள எஞ்சினுக்கு, எல்லை அளவில் ஒரு குழாயில் 10 கன சென்டிமீட்டர் இருக்கும். உங்கள் எஞ்சினுக்குரிய அளவு தயாரிப்பாளரின் அட்டவணையில் உண்டு. அட்டவணை அளவினின்றும் பம்பு குறைந்திருந்தால், அவ்வளவுக்குக் கொணர்வதே நேர்மையான மேம்பாடு. பழுது பார்க்குமுன் கண்ட அளவையும் பின்னர்க் கண்ட அளவையும் எழுத்தில் கேட்டுப் பெறுக.

சங்கத்திற்கும் ஒரு கடமை உண்டு. ஒவ்வொரு எஞ்சினுக்கும் ஒரு பதிவேடு வைத்து, ஓடிய மணி, ஊற்றிய டீசல், உழுத ஏக்கர் அல்லது ஓடிய தறி ஆகியவற்றை எழுதி வரலாம். ஏக்கருக்கு ஆகும் லிட்டர் ஏறும்போதே கோளாறு தெரிந்துவிடும். நின்றபின் செலவழிப்பதைவிட நிற்குமுன் அறிவது மேல்.

அங்கத்தினர் கூடிச் சிந்திக்க

1. எண்ணெயை மட்டும் கூட்டினால் சக்தி ஏன் அதே விகிதத்தில் கூடுவதில்லை?
2. உச்ச எண்ணெய் அளவுக்கும் உச்ச வேகத்திற்கும் உள்ள வேறுபாடு யாது?
3. உங்கள் எஞ்சினின் காற்று வடிகட்டியைக் கடைசியாகத் துப்புரவு செய்த நாள் எது?